காத்திருக்க வைத்த கார்காரர்



புது சைக்கிளுக்குப் பணம் கட்டியாகி விட்டது. நாளை வந்துவிடும், அடுத்த வாரம் நிச்சயம் வந்துவிடும் என்று கடைக்காரர் நாள் கடத்திக்கொண்டே இருக்கிறார். உங்களுக்கு எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அந்தக் கடையை ஒரு தடவை எட்டிப் பார்க்கத் தோன்றும் அல்லவா?

1948ம் ஆண்டு இங்கிலாந்திலும், அமெரிக்காவிலும் பெரிய பெரிய பணக்காரர்களே இப்படித்தான் தவித்தார்கள். அவர்கள் காத்திருந்தது ஒரு பந்தயக் காருக்கு. அதை உருவாக்கியவர் பெயர் வில்லியம் லயன்ஸ்.

இங்கிலாந்தில் பிளாக்பூல் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே 1901ம் ஆண்டு செப்டம்பர் 4ம் தேதி பிறந்தார் லயன்ஸ். அப்பா அயர்லாந்துக்காரர். இசைக் குழுவோடு அந்த ஊருக்கு வந்தவர், ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கி, பியானோ போன்ற இசைக் கருவிகள் விற்கும் கடை வைத்துவிட்டார்.

மகனுக்கோ இசையில் மனம் செல்லவில்லை. மோட்டார் சைக்கிள் என்றால் உயிர்! படிப்பு முடிந்ததும் மான்செஸ்டர் நகரில் இருந்த கிராஸ்லி மோட்டார் கம்பெனியில் தொழில் பழகினார். பிறகு ஊருக்கே திரும்பி, ஒரு கார் விற்பனைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது அவர்கள் தெருவுக்கு வில்லியம் வாம்ஸ்லி என்பவர் குடிவந்தார். வயதில் மூத்தவர். மோட்டார் சைக்கிளுக்கு, 'சைடு கார்' செய்து விற்பது அவர் வேலை. பழைய சினிமாக்களில் பார்த்திருப்பீர்கள், மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தொட்டில் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுமே, அதுதான் சைடு கார். வாம்ஸ்லி செய்தது பளபளவென்று அலுமினியத்தில், துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவில் இருந்தது. லயன்ஸ் ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியதோடு விடவில்லை. இதை நாம் இருவரும் சேர்ந்து நிறையச் செய்து விற்கலாமே என்று அவரைத் துளைத்தெடுத்துவிட்டார்.

இருவரின் தந்தையரும் ஆளுக்கு 500 பவுண்டு என்று வங்கிக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். 1922ல், லயன்சுக்கு 21 வயதானபோது, 'ஸ்வாலோ சைடு கார்' கம்பெனி தொடங்கியது. 'ஸ்வாலோ' என்றால் தகைவிலான் குருவி. விர்ரென்று பறக்குமே, அதுதான். 1924ல் கிரெட்டா என்ற பெண்ணை மணந்தார் லயன்ஸ். பாட், மேரி என்று இரண்டு பெண்கள். ஜான் என்று ஒரே பிள்ளை.

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில், 'ஆஸ்டின் செவன்' என்ற சின்னக் கார் மலிவு விலையில் கிடைத்தது. நன்றாக ஓடும். ஆனால், பார்க்கத் தகர டப்பா மாதிரி இருக்கும். இந்தக் காரின் சேஸிசை மட்டும் வாங்கி, நாமே அழகாகப் பாடி கட்டினால் என்ன என்று லயன்சுக்குத் தோன்றியது.

சேஸிஸ் என்றால் என்னவென்று தெரியுமா? நெடுஞ்சாலையில் உடம்பே இல்லாத லாரியை, டிரைவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்களே! சக்கரம், இன்ஜின், ஸ்டியரிங் எல்லாம் இருக்கும். கூடு மட்டும் இருக்காது. அதுதான் சேஸிஸ். அதன் மேல் கூடு அமைப்பதைப் பாடி கட்டுவது என்பார்கள்.

1927ல் ஸ்வாலோ பாடி கட்டிய ஆஸ்டின் கார் வெளிவந்தது. இரண்டு வண்ணத்தில், உருண்டை மூக்கோடு பொம்மைக் கார் மாதிரி அழகாக இருந்தது. அதை லண்டனுக்கு எடுத்துச் சென்று, ஹென்லிஸ் என்ற பெரிய விற்பனைக் கடையில் காட்டினார் லயன்ஸ். கடைக்காரர்கள் உடனே 500 கார்கள் வேண்டும் என்றுவிட்டார்கள்!

சந்தோஷச் செய்திதானே என்கிறீர்களா? அவர்களுடைய பட்டறையில் வாரத்துக்கு 12 கார்கள்தான் செய்ய முடியும். 500 காரை வாரத்துக்கு 12 வீதம் செய்தால் எத்தனை வாரம் ஆகும், வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 42 வாரம்! அதுவரை கடைக்காரர்களும், அவர்களிடம் பணம் கட்டியவர்களும் பொறுத்திருப்பார்களா?

இந்த லட்சணத்தில், ஆஸ்டின் கம்பெனியிலிருந்து சேஸிஸ்கள் வேறு ரயிலில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தன. பட்டறையில் இடமில்லை, ஸ்டேஷன் யார்டிலேயே அடுக்கி வைத்தார்கள். மற்றச் சரக்குகளை இறக்க இடம் இல்லாமல் ரயில்வே அதிகாரிகள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

லயன்ஸ் துணிந்து ஒரு முடிவு செய்தார். கார்த் தொழிலுக்குப் பேர் போன கவன்ட்ரி நகரில், முதல் உலகப்போரின்போது குண்டுகளுக்கு மருந்து அடைத்த தொழிற்சாலை ஒன்று சும்மா கிடந்தது. 1928 கடைசியில் குளிர்காலத்தில் மூட்டை முடிச்சோடு அங்கே இடம் மாறினார்கள். ஒரு காரை ஒருவரே முழுதும் செய்யாமல், வேலையைப் பங்கு போட்டுச் செய்யும் முறையைக் கொண்டு வந்தார். வாரத்துக்கு 50 கார் என்ற இலக்கை எட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

அடுத்து, முழுக்கத் தன் விருப்பப்படியே ஒரு கார் செய்ய ஆசைப்பட்டார். தரையோடு தரையாகத் தாழ்ந்து, நீண்ட மூக்கோடு இருக்க வேண்டும். அதுதான், 'எஸ்.எஸ். 1'. அது தயாராகிக்கொண்டிருந்தபோது லயன்சுக்குக் குடல்வால் நோய் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அந்த இடைவெளியில், உள்ளே உட்காருபவர் தலை இடிக்குமே என்று வாம்ஸ்லி கூரையை உயர்த்திவிட்டார். திரும்பி வந்து பார்த்த லயன்சுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. ஆனால், 1931 அக்டோபரில் லண்டன் கண்காட்சி நெருங்கிவிட்டதால் மாற்ற நேரமில்லை. கார் என்னவோ நன்றாகத்தான் விற்றது. இருந்தாலும் அந்தக் கூரையை அவர் மன்னிக்கவே இல்லை. அடுத்த ஆண்டுகளில் தன் எண்ணப்படியே மாற்றிவிட்டார். சில ஆண்டுகளில் வாம்ஸ்லியும் கூட்டிலிருந்து விலகிக்கொண்டார்.

1935ல் புதுக் கார் ஒன்றுக்குப் பெயர் வேண்டியிருந்தது. விலங்கு, பறவை, மீன் பெயர்களாக ஒரு பட்டியல் எழுதி வரச் சொன்னார். அதில் அவர் விரல் வைத்த பெயர், 'ஜாகுவார்'. சிறுத்தையைப் போல் புள்ளிகள் கொண்ட, தென் அமெரிக்கக் காட்டுப் பூனை இனம் அது.

ஓஹோ, அந்த ஜாகுவாரா என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! ஆமாம், 2008ல் நம் நாட்டு டாடா மோட்டார்ஸ் வாங்கியதே, அதே கம்பெனிதான். டாடாவுக்கும், இந்தக் கம்பெனிக்குமான கார்களைச் செய்வதற்காக நம் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் ஒரு தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள்.

கதைக்கு வருவோம். முதல் ஜாகுவார் காரை லண்டன் மேஃபேர் ஓட்டலில் விற்பனையாளர்களுக்குக் காட்டினார் லயன்ஸ். விலையைச் சொல்லவில்லை. என்ன விலை இருக்கும் என்று ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 600 பவுண்டுக்கு மேல் வந்தது. உண்மை விலையோ 400 பவுண்டுக்கும் குறைவு! கூட்டம் திகைத்துப் போனது. அழகாக இருக்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். இதுதான் லயன்சின் வியாபாரம். அழகான கார் செய்ய அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். இந்த விலைக்குச் செய்யத்தான் ஆள் இல்லை. கம்பெனியில் ஒரு பென்னி வீணாவதையும் அவர் பொறுக்க மாட்டாராம்.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. கார் செய்வது நின்றது. ராணுவத்துக்குச் சைடு கார்களும், போர் விமான வேலைகளும் செய்தார்கள். 1940 நவம்பர் 14ம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக் கவன்ட்ரி நகரின் நடுப்பகுதியையே எரித்துவிட்டன.

தீப்பிடித்தால் அணைப்பதற்காக, இரவில் தொழிற்சாலையில் முறை வைத்துக் காவல் இருக்க வேண்டும். லயன்ஸ் ஒரு காரியம் செய்தார். ஹெய்ன்ஸ், ஹசன், பெய்லி என்ற தன் இன்ஜினியர்களுக்கும், தனக்கும் ஒரே இரவில் முறை வரும்படி வைத்துக்கொண்டார். குண்டு விழுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே, போர் முடிந்ததும் செய்யப் போகும் புது இன்ஜினைப் பற்றிப் பேசிப் பேசித் திட்டம் போட்டார்கள். அப்படி உருவானதுதான், ஆறு சிலிண்டர்கள் கொண்ட, 'எக்ஸ்.கே.' இன்ஜின்.

1945ல் போர் முடிந்தது. 'எஸ்.எஸ்.' என்றாலே ஹிட்லரின் கொடிய படை நினைவுக்கு வந்ததால், கம்பெனியின் பெயரை ஜாகுவார் என்றே மாற்றினார்கள்.

இங்கிலாந்து அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தது. அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு மிட்டாய்கூட ரேஷனில்தான். 1953ல்தான் அந்தக் கட்டுப்பாடு முழுதும் நீங்கியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! எஃகுக்கும் தட்டுப்பாடு. செய்த சாமான்களை வெளிநாட்டுக்கு விற்று, டாலர் சம்பாதித்துத் தருபவர்களுக்குத்தான் எஃகு என்று அரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

1948 அக்டோபரில், போருக்குப் பிறகு முதல் கார் கண்காட்சி லண்டனில் நடக்க இருந்தது. லயன்சிடம் புது இன்ஜின் தயார். ஆனால், அதை வைக்க நினைத்த பெரிய காரின் பாடி தயாராகவில்லை. வெறும் இன்ஜினைக் காட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அழகான பந்தயக் கார் ஒன்றைச் செய்து, அதில் இன்ஜினை வைத்துக் காட்டலாம் என்று முடிவு செய்தார். கையில் இருந்ததோ சில வாரங்கள்தான்.

லயன்ஸ் கார் வடிவமைக்கும் விதமே தனி. காகிதத்தில் படம் வரைய மாட்டார். மரச் சட்டத்தின் மேல் தகட்டை வளைத்து, நிஜக் கார் அளவிலேயே உருவம் செய்யச் சொல்வார். எதிரே நின்று பார்த்துக்கொண்டே, இங்கே கொஞ்சம் தட்டு, அங்கே கொஞ்சம் இறக்கு என்று தகட்டு வேலைக்காரரிடம் சொல்லிச் சொல்லித் திருத்துவார். வாப்பன்பரி என்ற ஊரில் இருந்த தன் வீட்டுப் புல்வெளிக்குக் காரைக் கொண்டுவரச் செய்து, பகல் வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதும் உண்டு.

இப்படித்தான் பிறந்தது, 'எக்ஸ்.கே. 120'. மணிக்கு 120 மைல், அதாவது ஏறக்குறைய 193 கி.மீ. வேகம் போகும் என்பதால் அந்தப் பெயர். கண்காட்சியில் வெண்கல நிறத்தில் பளபளத்தது. வரி நீங்கலாக விலை 998 பவுண்டு. மக்கள் மொய்த்துவிட்டார்கள்!

இங்கேதான் சிக்கலும் ஆரம்பம். லயன்ஸ் நினைத்திருந்தது சுமார் 200 கார்கள்தான். பதிவு செய்ய வந்தவர்களோ அதைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு காரையும் ஆஷ் மரச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டிப் பொருத்திச் செய்ய வேண்டியிருந்தது. இட்லி போல அச்சில் வார்த்தா எடுக்க முடியும்?

வேறு பேச்சும் கிளம்பியது. இவ்வளவு மலிவான கார் 120 மைல் வேகம் போவதாவது, எல்லாம் விளம்பரம் என்று சிலர் சிரித்தார்கள். காரும் கைக்கு வரவில்லை, பேச்சும் இப்படி என்றால் பணம் கட்டக் காத்திருப்பவர் மனம் மாறாதா?

லயன்ஸ் யாரோடும் வாதாடவில்லை. 1949 மே 30ம் தேதி, நிருபர்களை விமானத்தில் பெல்ஜியம் நாட்டுக்கு அழைத்துப் போனார். ஜாபெக் என்ற இடத்தில் நீண்ட நேர்ச் சாலை. சட்டன் என்ற ஓட்டுநர், அவர்கள் கண் எதிரே காரை மணிக்கு 132 மைலுக்கு மேல், அதாவது 213 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அதோடு விட்டாரா? அதே காரில், அதே டாப் கியரில், ஆள் ஓடும் வேகத்துக்கு மெதுவாக நிருபர்களுக்கு முன் உருட்டிக்கொண்டு போனார். சிரித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். எனக்கு வேகமாகப் போனதைவிட, மெதுவாகப் போனதுதான் பெரிய வித்தையாகத் தெரிகிறது. சைக்கிளை விழாமல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், புரியும்!

பிறகு காருக்காகக் காத்திருப்போர் இன்னும் கூடிவிட்டார்கள். செய்யும் கார்களில் பெரும் பகுதி கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயிற்று. ஹாலிவுட் நடிகர் கிளார்க் கேபிளுக்கு, ஆரம்பத்தில் வந்த கார்களிலேயே ஒன்று கிடைத்தது. தங்கள் ஊரில் செய்த காரைத் தாங்கள் வாங்க முடியாமல் இங்கிலாந்துக்காரர்கள் ஏங்கினார்கள்.

லயன்ஸ் முன் இரண்டு வழிகள் இருந்தன. கையால் கொஞ்சமாகச் செய்து, போதும் என்று நிறுத்திவிடலாம். அல்லது, நிறையப் பணம் போட்டு அச்சுகள் செய்து, எஃகுத் தகட்டை இயந்திரத்தில் அழுத்திப் பாடி செய்யலாம். இரண்டாவது வழியில், அச்சுகள் தயாராகும் வரை ஓராண்டுக்கு மேல் எல்லாரும் காத்திருக்க வேண்டும். அதற்குள் ஆசை தணிந்துவிட்டால் போட்ட பணம் அத்தனையும் போச்சு.

அவர் இரண்டாவது வழியையே எடுத்தார். அலுமினியத்தில் கையால் 240க்குச் சற்று அதிகமான கார்களைச் செய்து சமாளித்துக்கொண்டே, 1950ல் எஃகுப் பாடிக்கு மாறினார்கள். அதன் பிறகு கார்கள் மளமளவென்று வெளிவந்தன. 1954 வரை 12,000க்கு மேல் செய்தார்கள். மூத்த மகள் பாட், கணவர் அப்பிள்யார்டோடு இந்தக் காரிலேயே ஆல்ப்ஸ் மலைப் போட்டிகளில் கலந்துகொண்டு பரிசுகள் வாங்கி வந்தார். பிரான்சில் 24 மணி நேரம் இடைவிடாமல் நடக்கும் லெ மான் பந்தயத்தில் 1951லும், 1953லும் ஜாகுவார் வென்றது.

1955 ஜூன் மாதம். அதே பந்தயத்தைப் பார்க்க, மகன் ஜான் இங்கிலாந்திலிருந்து காரில் கிளம்பினார். இருபது வயதுகளில் இருந்த இளைஞர். அப்பாவின் தொழிலை அடுத்து நடத்தப் போகிறவர் அவர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பிரான்ஸ் நாட்டுச் சாலையில் நடந்த விபத்தில் அவர் இறந்து போனார். அந்தப் பந்தயத்திலும் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் அதிகமானோர் பலியானார்கள். அந்த ஆண்டு வென்றது ஜாகுவார்தான். அந்த வெற்றியை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் என்ன செய்ய முடியும், குழந்தைகளே?

லயன்ஸ் மீண்டும் வேலைக்கு வந்தார். அதிகம் பேசாதவர், இன்னும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். 1956ல் அவருக்கு, 'சர்' பட்டம் கிடைத்தது. 1957 பிப்ரவரி 12ம் தேதி மாலை தொழிற்சாலையில் பெருந்தீ! பல கார்கள் கரிக்கட்டையாயின. தொழிலாளர்கள் இடிபாடுகளை அள்ளி, கூரையில்லாத இடங்களுக்குத் தார்ப்பாய் கட்டி, சில நாட்களிலேயே மறுபடியும் கார் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள்.

1961 மார்ச்சில் ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா நகரில், 'இ-டைப்' காரை அறிமுகம் செய்தார். காற்றைக் கிழித்துப் போகும் அந்த உருவத்தைக் கணக்குப் போட்டு அமைத்தவர், விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர். ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்களின் வரிசை நீண்டுகொண்டே போனது. இருந்த கார் போதவில்லை. உடனே கவன்ட்ரிக்குத் தகவல் பறந்தது. சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு, கடலைக் கடந்து, இரவெல்லாம் ஓட்டி, சுமார் 1000 கி.மீ. தாண்டி மறுநாள் காலை ஜெனீவா வந்து சேர்ந்தார். தூக்கம் இல்லை. வந்ததும் வராததுமாக, நின்றவர்களை அதே காரில் ஏற்றிச் சுற்றிக் காட்ட வேண்டியதாயிற்று!

இந்தக் காரும் முதலில் கப்பலேறியது. உள்நாட்டுக்காரர்கள் மறுபடியும் காத்திருந்தார்கள். 1970களின் நடுப்பகுதி வரை, 'இ-டைப்' கார்கள் 72,000க்கு மேல் செய்யப்பட்டன.

தனக்குப் பின் நடத்தப் பிள்ளை இல்லை. 1966ல் தன் கம்பெனியை ஒரு பெரிய கார் நிறுவனத்தோடு இணைத்தார். 1968ல் அவர் செய்த, 'எக்ஸ்.ஜே. 6' என்ற காருக்கும் பழையபடியே காத்திருப்போர் பட்டியல் நீண்டது. 1972ல், தொழில் தொடங்கிச் சரியாக 50 ஆண்டுகள் முடிந்த நிலையில் ஓய்வு பெற்றார்.

பிறகு வாப்பன்பரி வீட்டில் ஆடு, மாடு வளர்த்தார். அதிலும் நல்ல இனமாகத்தான் வைத்திருந்தார்! 'எக்ஸ்.ஜே. 6'க்கு அடுத்து வரவேண்டிய புதுக் காரின் மாதிரிகளை, கம்பெனியார் அவரிடம் காட்டி யோசனை கேட்டார்கள். வயதானவர் பொறுமையாகச் சுற்றி வந்து பார்த்துச் சொல்வார். அந்தக் கார் இதோ அதோ என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிக்கொண்டே போனது.

1985 பிப்ரவரி 8ம் தேதி, 83வது வயதில் லயன்ஸ் காலமானார். அவர் பார்க்கக் காத்திருந்த அந்தக் கார் 1986 அக்டோபரில்தான் விற்பனைக்கு வந்தது.